பொணம் அழுதா விருது கிடையாது

அந்தக் கடலைப் பொட்டலம் விக்கிற அம்மா என்ன சொல்லிட்டுப் போறா, கேட்டீங்களா அண்ணாச்சி? கண்ணாடிய எறக்காதீங்க, எறக்குனா இன்னொருக்கச் சொல்லுவா. "அப்புறம்"னு சொல்லுதா. தமிழ்தான். நம்ம அப்புறமேதான். இந்த மணிலாவுல இன்னைக்கு யாரப் பிடிச்சுக் கேட்டாலும் இந்த ஒரு தமிழ் வார்த்த தெரியும். உலகம் பூரா தமிழ் மாநாடு நடத்துதாங்க, எவனாவது என்னையக் கூப்பிட்டு ஒரு சால்வ போட்டானா? போடல. போட மாட்டான்.

நீங்க விமானத்த நெனச்சுப் பதறாதீங்க. சாயங்காலம்தான? டிசம்பர்ல இந்த ஊர்ல ஏர்போர்ட்டுக்குப் போகணும்னா காலையில சாப்பிட்ட கையோட வண்டியில ஏறணும், ஏறிட்டோம். இனி வண்டி நகரும்போது நகரும். பாப்பாவப் பத்தியும் கவலப்படாதீங்க. நம்மூர்ப் பிள்ளைய நெறய இருக்கு அந்தக் காலேஜ்ல. டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகளக் கொண்டு விடுறதும் கூட்டிட்டு வாரதும்தான் இப்ப என் பொழப்பு. முன்னால கப்பல்ல இருந்தேன், சமையல்கட்டுல. சொந்த ஊரு தூத்துக்குடி. பேரு கஸ்பார் மச்சாடோ. இங்க உள்ளவனுக்கும் இதே மாதிரிதான் பேரு. ஆபீஸ்ல "கஸ்பார் மச்சாடோ"ன்னு கூப்பிடுவான், நான் போய் முன்னால நிப்பேன், அவன் எனக்குப் பின்னால எட்டிப் பாத்து மறுபடியும் கூப்பிடுவான்.

என் பொண்டாட்டி இந்த ஊர்க்காரி. லூர்தெஸ். நம்ம லூர்துதான், வேற ஒண்ணுமில்ல. கப்பல்ல இருந்தப்ப பழக்கம், மாதா கோயில்ல வச்சுக் கல்யாணம். நல்லவ. கொஞ்சம் பேசுவா. எல்லாப் பொம்பளையும் பேசத்தான செய்யுதா, நாம என்ன கேட்டுக்கிட்டா இருக்கோம்.

இந்த "அப்புறம்" எப்படி வந்துச்சுன்னா, அது ஒரு சினிமாவால வந்தது. ஒரு விருது எனக்கு வர வேண்டியது, வராமப் போச்சு. அந்தக் கதையத்தான் சொல்லுதேன். வண்டியும் நிக்கி, கேளுங்க.

இங்க கிறிஸ்துமஸ்னா நமக்குத் தீவாளியும் பொங்கலும் ஒரே நாள்ல வந்து விழுந்த மாதிரி. அன்னைக்கு ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு எந்தத் தியேட்டர்லயும் வெளிநாட்டுப் படம் கெடையாது. இங்கிலீஷ்காரன் எவ்வளவு பெரிய ஹீரோவா இருந்தாலும் வாசல்ல நிக்க வேண்டியதுதான். உள்ளூர்ப் படம் மட்டும் ஓடும். அதுக்குப் படவிழான்னு பேரு. நம்மூர்ல தீவாளிக்குப் படம் விடுவாங்கள்லா, அதுக்கு ஒரு கமிட்டி போட்டு, தேர் இழுத்து, கடைசியில பரிசும் கொடுத்தா எப்படி இருக்கும்? அப்படி. வருஷம் தவறாம ஒரு பேய்ப் படம் வரும், ஒரு சிரிப்புப் படம் வரும், குடும்பமே மூக்கச் சிந்துற படம் ஒண்ணு வரும். மதியம் நல்லாத் தின்னுட்டு, தாத்தால இருந்து கைக்கொழந்த வரைக்கும் தியேட்டருக்குக் கெளம்பிருவாங்க.

போன வருஷம் அந்த விழாவுக்குன்னு ஒரு படம் எடுத்தாங்க. பேர நம்ம பாஷையில சொன்னா "துட்டிக்கு வந்தவங்க". இங்க ஒருத்தன் செத்தா நம்மள மாதிரி மறுநாளே தூக்க மாட்டாங்க. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில வச்சு, நாள் கணக்கா வீட்டுல போட்டிருப்பாங்க. ராத்திரி பகல்னு ஊரே வந்து உக்காந்து சீட்டு ஆடும். துட்டி வீட்டுல சீட்டாடுனா போலீஸ்காரனும் பெருசாக் கண்டுக்கிட மாட்டான். இதுதான் படத்துக்கே கத. ஒரு தெருவுல ஒரு இந்தியாக்காரன் இரும்புக்கட வச்சிருக்கான், செத்துப் போறான். தெருக்காரங்க சீட்டாட்டம் நின்னு போயிருமேன்னு அவனப் பொதைக்கவே விட மாட்டேங்காங்க. அவன் பொணமா கெடக்கான், படம் பூரா கெடக்கான். இப்ப நீங்களே சொல்லுங்க, அந்தப் படத்துல ஹீரோ யாரு?

நான் அந்தக் கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போனவன். ஆளுங்கள ஏத்தி எறக்குறது. பொணமா நடிக்கிறதுக்கு ஒரு ஆள வச்சிருந்தாங்க. அவன் ஆத்தா, "கிறிஸ்துமஸ் நேரத்துல பெட்டியில படுத்தா அடுத்த கிறிஸ்துமஸுக்கு நெசமாப் படுத்திருவ"ன்னு அழுது அவன அனுப்பல. டைரக்டரம்மா கோவத்துல வெளிய வந்தா. அறுபது வயசு இருக்கும், பேரு பேபி. இந்த ஊர்ல அப்படித்தான், பேபின்னு பேரு வச்சா சாகுற வரைக்கும் பேபிதான். வந்தவ, வண்டிக்குள்ள நான் தூங்குறதப் பாத்துட்டா. எனக்கு ஒரு பழக்கம், கப்பல்ல வந்தது. மல்லாக்கப் படுத்து, கைய நெஞ்சுல வச்சு, வாய மூடித் தூங்குவேன். அசைய மாட்டேன். ஜன்னல் வழியா ரொம்ப நேரம் பாத்துட்டு, பின்னால நின்னவன்கிட்ட, "இவன எழுப்பாத, அப்படியே தூக்கிட்டு வா"ன்னு சொல்லிருக்கா.

நான் சினிமாவுக்கு வந்தது இப்படித்தான். தேடிப் போகல.

லேசுன்னு நெனைக்காதீங்க. படுத்துக் கெடக்குறது வேற, பொணமாக் கெடக்குறது வேற. வயிறு ஏறி எறங்கக் கூடாது. மீசையில ஈ உக்காந்தா உக்காந்ததுதான். செத்தவன யாராவது கொன்னுருப்பாங்கன்னு சந்தேகம் இருந்தா, பெட்டி மேல உசுரோட ஒரு கோழிக்குஞ்ச விடுவாங்க இங்க. அது கொத்தக் கொத்த கொன்னவன் மனசு உறுத்தும்னு நம்பிக்க. படத்துலயும் விட்டாங்க. எனக்கு மூஞ்சிக்கு நேர் மேல கண்ணாடியில நின்னு கொத்துது. அப்புறம் அது வேற ஒரு காரியமும் செஞ்சுது. நான் அசையல. ஷூட்டிங் முடிஞ்சு பேபி என் தோளத் தட்டி, "கஸ்பார், இருவது வருஷத்துல இப்படி ஒரு பொணத்த நான் பாக்கல"ன்னா. அத விட வேற என்ன வேணும் ஒரு நடிகனுக்கு.

லூர்து எங்க வந்தாங்கீங்களா? வாரேன்.

அந்தப் பொணத்துக்கு ஒரு பொண்டாட்டி வேஷம் உண்டு. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு அழுக, அவ்வளவுதான். அதுக்குப் பேரு வாங்குன நடிகை ஒருத்தி வரணும். வரல. இதே ரோட்டுலதான் எங்கயோ மாட்டிக்கிட்டா. லூர்து அன்னைக்கு எனக்கு மீன்கொழம்பும் சோறும் கொண்டு வந்திருந்தா. இங்க உள்ள சாப்பாட்டுல எல்லாத்துலயும் ஒரு இனிப்பு இருக்கும், எனக்கு எறங்காது. புளியக் கரைச்சு நம்ம ருசிக்கு வைக்க, போன்ல என் தங்கச்சியப் பாத்துப் பாத்து இவ பழகிக்கிட்டா. வாசல்ல தூக்குச்சட்டியோட நிக்கா. பேபி அவளப் பாத்து, "நீ செத்த நேரம் உக்காரு, லைட்டு சரிபாக்கணும்"னு சொல்லி ஒரு ஸ்டூலப் போட்டு உக்கார வச்சா. லூர்து, "நான் என்ன சொல்லணும்?"னு கேட்டா. பேபி, "உனக்குத் தோணுறதச் சொல்லு. உன் புருஷன் செத்துக் கெடந்தா என்ன சொல்லுவ, அதச் சொல்லு"ன்னா.

எனக்குக் கண்ணு மூடியிருக்கு. கண்ணாடி மூடியக் கழட்டியாச்சு, வெளிச்சம் அடிக்குதுன்னு. ஸ்டூல் இழுபடுற சத்தம் கேக்கு. அப்புறம், "கஸ்பார், எந்திரி, சோறு ஆறுது"ன்னு சொல்லுதா.

எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல.

"எந்திரிக்க மாட்ட, தெரியும். உசுரோட இருக்கையிலயே நான் கூப்பிட்டா எந்திரிக்க மாட்ட"ன்னா. அவங்க பாஷையிலதான். "எனக்கு உன் பாஷையில நாலு வார்த்த தெரியும். உப்பு. தண்ணி. சாவி. அப்புறம். இத்தன வருஷத்துல நீ எங்கிட்டப் பேசுனது இது நாலுதான். உப்பு கம்மின்னு சொல்லுவ. நல்லா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்ட. கல்யாணம் முடிஞ்ச கையோட, உங்க ஊர்க் கிறிஸ்துமஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன. எப்பன்னு கேட்டேன். அப்புறம்னு சொன்ன. நான் அதுக்குன்னு ஒரு கவுன் தச்சேன். அப்புறம். அது எனக்குச் சேராமப் போச்சு, பெருசா இன்னொண்ணு தச்சேன். அப்புறம். உன் தங்கச்சி கல்யாணம், அப்புறம். உன் வீட்டுல ஒரு ஆளோட மொகத்தையும் நான் போன்லதான் பாத்திருக்கேன். அப்புறம், அப்புறம், அப்புறம்."

அந்த "அப்புறம்" இருக்கே அண்ணாச்சி, அத அவ சொன்ன விதம் அப்படி. இப்ப ஊரே சொல்லுது. ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும், அது யார் வார்த்த? என் வார்த்த. நான் வருஷக்கணக்கா வீட்டுல சொல்லிச் சொல்லி அவ காதுல ஏத்துனது. ஏத்தலன்னா அவ எங்கன போய்ப் பேசியிருப்பா?

சொல்லுதேன், முடியல இன்னும். அடுத்து அவ அப்பன் செத்த கதைக்கு வந்தா. "எங்க அப்பாவும் இப்படித்தான் பெட்டியில கெடந்தார். ஒரு வாரம் வச்சிருந்தோம். உம் புருஷன் எங்கன்னு வந்தவங்க எல்லாம் கேட்டாங்க. கப்பல்ல இருக்காரு, நடுக்கடல்ல இருக்காருன்னு சொன்னேன். நீ கடல்ல இல்ல. சிங்கப்பூர்ல எறங்கி, உன் கூட்டாளி வீட்டுல இருந்து கிரிக்கெட் பாத்த. எனக்கு அப்பவே தெரியும். நான் யாருக்கும் சொல்லல. எங்கம்மாவுக்குக் கூடச் சொல்லல. எல்லாரும் பொதைச்சுட்டு வந்த பெறகு நீ வந்து, அவர் கல்லறைக்கு அப்புறம் போலாம்னு சொன்ன"ன்னா.

நல்லாப் பாத்தீங்கன்னா அது ஒரு முக்கியமான மேட்ச். அது இருக்கட்டும். நடிக்கிறவங்க அப்படித்தான், வீட்டுல இருந்து துளி எடுத்துட்டுப் போய் அத ஊதிப் பெருசாக்கிருவாங்க. அதுதான் கலை. நான் அதக் கொற சொல்லல.

கடைசியில, "இப்பமாவது ஏதாவது சொல்லு கஸ்பார்"ன்னா. நான் என்னத்தச் சொல்ல? பொணம்லா. அசையக் கூடாது. உள்ளுக்குள்ள பதில் வருது, ஏகப்பட்ட பதில் வருது, தொண்டைக்கு வருது, அப்படியே முழுங்கிக்கிட்டுக் கெடந்தேன். அதுக்குப் பேருதான் நடிப்பு. அவ பேசுனது நடிப்பே இல்ல, வாய் இருந்தா யாரும் பேசலாம். ஒரு மனுஷனுக்கு நேரா அவ்வளவு பேசியும் பதில் சொல்லாமக் கெடக்குறது இருக்கு பாருங்க.

பேபி கட் சொல்லவே இல்ல. மூக்க உறிஞ்சுற சத்தம் அங்கங்க கேக்கு. அப்புறம் யாரோ மெதுவா, கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னாங்க. பேரு வாங்குன நடிகையப் பாதி வழியிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. படத்துல அந்த இரும்புக்கடக்காரனுக்கு வேற ஏதோ பேரு, அதையும் எல்லா இடத்துலயும் கஸ்பார்னு மாத்திட்டாங்க. எம் பேரு. அப்ப நான் எவ்வளவு பாதிச்சிருக்கேன்னு பாத்துக்கிடுங்க.

லூர்து சட்டியத் தொறந்து சோத்தப் போட்டுக் கொடுத்தா. ஒண்ணுமே நடக்காத மாதிரி. நான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா ஒரு நாளும் இல்லாம அன்னைக்கு நான் சொல்லல. அவளும் களைச்சிருந்தா.

இப்ப ஒரு சொட்டுத் தண்ணி கதைக்கு வாரேன். என் பொழப்பக் கெடுத்தது அந்தச் சொட்டுதான்.

அவ அப்பன் கதையச் சொல்லுற நேரம், என் எடது கண்ணு ஓரத்துல தண்ணி. ஒரு சொட்டு. காதுப் பக்கமா ஓடுது. அது லைட்டு சூடு. அந்த எடத்துலதான் லைட்டக் கிட்டக் கொண்டாந்தான் அந்தக் கேமராக்காரப் பய. பெறகு நான் கேமராக்காரன்கிட்டயே கேட்டேன், ஏம்ப்பா அந்த நேரம் எந்த லைட்டக் கிட்ட வச்சீங்கன்னு. "எந்த லைட்டும் வைக்கலியே, அந்தப் பக்கம் அணைச்சுல்லா இருந்துச்சு"ன்னான். அவனுக்கு என்ன தெரியும். பேபி அந்தச் சொட்டு தெரியும்னு தெரிஞ்சே படத்துல வச்சுட்டா. "அத வெட்டச் சொல்லுங்க"ன்னு நான் கெஞ்சுனேன். பொணம் அழுதா பாக்குறவன் சிரிப்பாம்லா. "யாரும் சிரிக்க மாட்டாங்க கஸ்பார்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

கிறிஸ்துமஸுக்கு முன்னால ஊர்வலம். நம்ம பனிமய மாதா தேரு பாத்திருக்கீங்களா? அத மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அலங்கார வண்டி. நடிகர் நடிகயெல்லாம் மேல நின்னு கையாட்டிக்கிட்டு வருவாங்க, ரோட்டோரம் ஜனம் அம்மும். ஒரு படத்து வண்டியில பெரிய கடல்கன்னி. இன்னொண்ணுல ஆறு ஆள் ஒசர எரும. எங்க வண்டியில பூவால செஞ்ச பெட்டி, அதுக்குள்ள நான். லூர்து பக்கத்துல உக்காந்திருக்கா. வெயிலு மூஞ்சியில அடிக்கி, ஜனங்க மிட்டாய எறியுது, ஒண்ணு நெத்தியில பட்டுச்சு. நான் அசையல. பேபிகூட, "இது ஊர்வலம்தான, எந்திரிச்சுக் கையாட்டு"ன்னு சொன்னா. நான் மாட்டேன்னுட்டேன். தொழிலுக்கு ஒரு மரியாத இருக்கு. சிறந்த அலங்கார வண்டின்னு ஒரு விருது உண்டு, அது எங்களுக்குத்தான் கெடச்சுது. அத வாங்கப் போனது தயாரிப்பாளர். வண்டியில படுத்துக் கெடந்தது யாரு?

விருது கொடுக்குற அன்னைக்கு நான் கோட்டு தச்சுப் போட்டுக்கிட்டேன். லூர்து பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு கவுன் வாங்கிப் போட்டிருந்தா, தோள்பட்டையில ரெண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி றெக்க மாதிரி நிக்குமே, இங்க உள்ள உடுப்பு, அது. சிறந்த துணை நடிகருக்கு அஞ்சு பேரோட பேர வாசிச்சாங்க. எம் பேரு இல்ல. நான் மறுபடியும் வாசிப்பாங்கன்னு நெனச்சுப் பாதி எந்திரிச்சு நின்னேன். லூர்து என் கோட்டப் பிடிச்சு உக்கார வச்சா.

இடவேளையில சாப்பாட்டு மேசையில முழுப் பன்னியச் சுட்டு வச்சிருந்தாங்க. அங்கன விருதுக் குழுல இருந்த ஒரு பேராசிரியர் தட்டோட நிக்காரு. நேரப் போயிக் கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "மிஸ்டர் மச்சாடோ, உங்களப் பத்தி நாங்க பேசாம இல்ல. ஆனா பொணம் அழுதுருச்சே"ன்னாரு. நான் லைட்டு சூட்டப் பத்தி எடுத்துச் சொன்னேன். கேமராக்காரனத் திட்டுனேன். அவரு சிரிக்கிறத நிறுத்திட்டு, "நீங்க உங்க மனைவிகிட்ட அதப் பத்திப் பேசுனீங்களா?"ன்னு கேட்டாரு. அவளுக்கு லைட்டப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன். மனுஷன் ஒரு துண்டு பன்னிய எடுத்து என் தட்டுல வச்சுட்டுப் போயிட்டாரு.

ஒரு சொட்டு அண்ணாச்சி. ஒரே ஒரு சொட்டு. அதுக்காக இல்லன்னுட்டாங்க.

அப்புறம் சிறந்த துணை நடிகை. லூர்தெஸ் மச்சாடோன்னு வாசிச்சாங்க. அவ கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல. நாந்தான் முழங்கையால இடிச்சேன். மேல போயி மைக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, மேடையில நின்னு பழக்கம் இல்ல, மைக்கு அவ நாடிக்குக் கீழ நிக்கி. பேபிக்கு நன்றி சொன்னா. அவ அப்பாவுக்குச் சொன்னா. அப்புறம், "கல்யாணமாகி மொத மொறையா, நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாமக் கேட்ட என் புருஷனுக்கு"ன்னா.

ஹாலே சிரிச்சுச்சு. நான் எந்திரிச்சு நின்னு எல்லாப் பக்கமும் திரும்பி வணக்கம் சொன்னேன். நல்லாக் கைதட்டுனாங்க. என் பங்க அவ ஒத்துக்கிட்டாள்லா, அவ்வளவு பேருக்கு முன்னால.

ஆனா அதுக்குப் பெறகு நான் பட்ட பாடு. படம் ஓடு ஓடுன்னு ஓடுது. தெருவுல எறங்க முடியல. மீன் சந்தையில ஒரு கெழவி ஒரு சூர மீன வாலப் பிடிச்சு எம் மேல ஓங்கி, "ஏன் அந்தப் பிள்ளய ஊருக்குக் கூட்டிட்டுப் போகல?"ங்கா. பேருந்துல பக்கத்துல உக்காந்தவன் எந்திரிச்சுத் தள்ளி உக்காருதான். பூசை முடிஞ்சு சாமியார் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "மகனே, டிக்கெட் என்ன அவ்வளவு கஷ்டமா"ங்காரு. படிச்சவரு, அவருக்குக் கூட சினிமா எது, வாழ்க்க எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல. நான் எவ்வளவு பேருக்குத்தான் வெளக்கம் சொல்ல? வில்லனா நடிக்கிறவன ஜனங்க அடிக்கப் போகும்னு கேள்விப்பட்டிருக்கேன். பொணமா நடிச்சவன அடிக்கப் போறத இங்கதான் பாத்தேன்.

லூர்துக்கு டிவி சீரியல்ல வாய்ப்பு வந்துச்சு. அம்மா வேஷம், அத்த வேஷம். காலையில போனா ராத்திரி வருவா. வீட்டுல நாந்தான் சமைக்கேன். ஒரு நாள் ஞாயித்துக்கெழம, அவ வீட்டுல இருந்தா. எனக்கு ஒரு யோசன. என் பங்கு எவ்வளவுன்னு நானும் தெரிஞ்சுக்கிடணும்லா. கூடத்துல பாய விரிச்சு, மல்லாக்கப் படுத்து, கைய நெஞ்சுல வச்சுக் கண்ண மூடிக்கிட்டேன். "லூர்து, அன்னைக்குப் பேசுனதத் திருப்பிப் பேசு. இந்தத் தடவ சூடு இல்ல, லைட்டு இல்ல, நான் எப்படிக் கெடக்கேன்னு பாரு"ன்னேன்.

அவ வந்து பக்கத்துல உக்காந்தா. உக்காந்தது தெரிஞ்சுது. மூச்சு விடுற சத்தம் கேக்கு. நான் காத்துக்கிட்டே கெடக்கேன். என் நெத்தியில ஒரு கைய வச்சா, காய்ச்சல் பாக்குற மாதிரி. அப்புறம் எந்திரிச்சு, "அப்புறம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

பாத்தீங்களா? கேமரா இல்லன்னா ஒரு வரி வரல. சொட்டுக் கண்ணீரு வரல. நான் அவளத் தேத்தத்தான் செஞ்சேன். "கவலப்படாத, பழகப் பழக வந்துரும்"னேன்.

இந்த வருஷம் டிசம்பர் பொறந்ததும் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில, "நான் தூத்துக்குடிக்குப் போறேன்"னு சொன்னா. "டிசம்பர்ல காலேஜ் பிள்ளைய ஊருக்குப் போகும், வண்டி ஓட்டம் அதிகம், அப்புற..."ன்னு ஆரம்பிச்சேன். முடிக்கல. அவ தட்டக் கழுவப் போயிட்டா. மறு வாரம் கெளம்பிட்டா. நான்தான் இதே வண்டியில, நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த சீட்டுல வச்சு ஏர்போர்ட்ல விட்டேன். புதுசா ஒரு கவுன் போட்டிருந்தா. நல்லா இருந்துச்சு. சொல்லணும்னு நெனச்சேன், பின்னால வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான்.

ஏதோ படத்துக்குத்தான் அண்ணாச்சி. இந்த நடிகைங்க அப்படித்தான், ஒரு வேஷம் வந்தா அந்த ஊருக்கே போய், அங்கன இருந்து, அந்த ஜனங்களோட பழகிக் கத்துக்கிடுவாங்களாம். பேபி சொல்லியிருக்கா. என்ன படம்னு லூர்து எங்கிட்டச் சொல்லல. ரகசியமா வச்சிருப்பாங்க, விழா முடியுற வரைக்கும்.

முந்தாநாள் தங்கச்சி பெர்னதெத் போன் பண்ணுனா, மூஞ்சி தெரியுற போன். எங்க வீட்டு முற்றத்துல லூர்து நடுவுல உக்காந்திருக்கா, சுத்தி எங்க பெரியம்மா, சித்தி, பிள்ளைய எல்லாம். கையில மக்ரூன். பேசிக்கிட்டு இருக்கா. "அண்ணே, மைனி வந்ததுல இருந்து பேசிக்கிட்டே இருக்கா, நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம்"னா பெர்னதெத். "உங்களுக்கு அந்த பாஷ புரியாதேட்டி, எதுக்குக் கேக்கீங்க?"ன்னேன். "புரிஞ்ச நீ கேட்டியா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டா. அவ சின்னப் பிள்ளையில இருந்தே இப்படித்தான், சம்பந்தமில்லாமப் பேசுவா.

திரும்பி வர டிக்கெட்டா? இன்னும் போடலன்னா. ஷூட்டிங்னா தேதி முன்னப்பின்ன ஆகும்லா. நான் அதக் கேக்கவும் இல்ல. கேட்டா தொந்தரவா இருக்கும்.

அந்தா, வண்டி நகருது. ஏர்போர்ட் காம்பவுண்டு வந்துருச்சு, பையப் பத்திரமா எடுத்து வச்சுக்கிடுங்க. அண்ணாச்சி, நீங்க பாளையங்கோட்டதான? அங்க இருந்து தூத்துக்குடி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். உங்களுக்குச் சரிப்பட்டா ஒரு எட்டுப் போங்க. பெரிய கோயிலுக்குப் பின்னால மச்சாடோ வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. போய் அவகிட்ட எதார்த்தமாப் பேச்சுக் கொடுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அது என்ன படம்னு கேளுங்க. அதுல புருஷன் வேஷம் இருக்கான்னு கேளுங்க.

இருக்குன்னு சொன்னா, அதுக்கு ஆள் பிடிச்சுட்டாங்களான்னு கேளுங்க. பிடிக்கலன்னா, இந்தத் தடவ பொணமா இல்லாம, எந்திரிச்சு உக்காந்து அவளுக்குப் பதில் சொல்லுற மாதிரி ஒரு வேஷம் எழுதச் சொல்லுங்க. அசையாமக் கெடக்குறதுன்னா எனக்குப் பழக்கம். இது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனாலும் வந்து பாக்கேன்னு சொல்லுங்க.